சென்னியம்மாளின் இரண்டு இதயங்கள்

முதல் கூடை முட்டை திங்கட்கிழமை வந்தது, வியாழக்கிழமை நாறியது. இரண்டாவது கூடையும் அதே கதை. மூன்றாவது கூடை நாறத் தொடங்கியபோது விலங்கியல் துறையின் மாடியே மூக்கைப் பொத்திக்கொண்டு நடமாடியது. பக்கத்து ஆய்வகத்து யாஸ்மின் மட்டும் பொத்தாமல் உள்ளே வந்தாள். மண்புழுவை வைத்து ஆராய்ச்சி செய்பவள், நாற்றத்துக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

“இதுல எத்தனைடி தேறும்?”

“ஒண்ணும் தேறாது,” என்றாள் அன்புக்கரசி.

சொல்லிவிட்டு ஒவ்வொரு முட்டையாக வாளியில் போட்டாள். ஓட்டில் அவள் வெட்டியிருந்த சின்னச் சன்னல் வழியே கலங்கிப்போன வெள்ளைக்கரு தெரிந்தது. உள்ளே உயிர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

அவள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. இதே கோயம்புத்தூரில், இதே கல்லூரியில், 1958இல் ஒரு பெண் செய்து பார்த்ததாக எழுதிவைத்த ஒன்றைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அவளுடைய இரண்டு வருடத்தை விழுங்கிவிட்டு இன்னும் பசியோடு உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் சென்னியம்மாள். அவிநாசிப் பக்கம் தோட்டம் துரவோடு வசதியாக இருந்த குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியதே பெரிய சங்கதி. இவரோ படித்து முடித்துவிட்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கோழிக் கருவை வெட்டி ஆராய்ச்சி செய்ய உட்கார்ந்தவர். அவருடைய ஆய்வகக் குறிப்புகள் கல்லூரியின் பழைய ஸ்டோர் ரூமில், கால் உடைந்த குதிரை எலும்புக்கூட்டுக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எடைக்குப் போட இருந்ததை அன்புக்கரசிதான் மறித்து, நூலகத்தின் ஆவண அறையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன, ஓரத்தில் மட்டும் தமிழ். ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதிய சென்னியம்மாள் சந்தோஷத்தையும் சலிப்பையும் தமிழில் எழுதினார்.

நமக்கெல்லாம் இதயம் ஒன்றுதான், கோழிக்கும் அப்படித்தான். ஆனால் முட்டைக்குள் கரு உருவாகிற ஆரம்பத்தில் அது ஒன்றாக இருப்பதில்லை. இடப்பக்கம் ஒரு துளி, வலப்பக்கம் ஒரு துளி என்று இரண்டாகத் தோன்றி, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு ஒன்றாகிறது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நடுவழியை ஊசியால் கீறிவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் தனித்தனி இதயமாகித் தனித்தனியாகத் துடித்தன என்று சென்னியம்மாள் எழுதியிருந்தார். படமும் வரைந்திருந்தார். படத்தின் ஓரத்தில் தமிழில் ஒரு வரி: ‘இடது முந்துகிறது. வலது பின்னாலேயே வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.’

அந்த வரியில்தான் அன்புக்கரசி விழுந்தாள். பொய் சொல்கிறவர்கள் ‘ஏன் என்று தெரியவில்லை’ என்று எழுத மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும்.

ஆனால் அதே குறிப்புகளின் கடைசிப் பக்கத்தில் நீலப் பென்சிலால் வேறொருவர் எழுதியிருந்தார். வெளியூரிலிருந்து பரிசோதிக்க வந்த பெரிய பேராசிரியர். அவர் எதிரில் சென்னியம்மாள் செய்துகாட்டியபோது ஒரு முட்டைகூடப் பிழைக்கவில்லை. ‘காணப்படவில்லை. கற்பனை’ என்று இரண்டே வார்த்தை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு மனிதர் ரயிலேறிப் போய்விட்டார். சென்னியம்மாள் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, காலமாகியும்விட்டார். அந்த நீலப் பென்சிலைப் பார்க்கும்போதெல்லாம் அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகவே சென்னியம்மாளைப் பற்றியே தன் ஆராய்ச்சியை எழுதினாள். எழுதி, பிஎச்.டி. ஆய்வுக் குழுவின் முன் வைத்தாள். அங்கே உட்கார்ந்திருந்தார் டாக்டர் சசிதர்.

சசிதர் மேட்டுப்பாளையத்துக்காரர். பெங்களூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் கருவியல் நிபுணர். எத்தனையோ வருடம் வெளியில் இருந்தும் பேச்சில் ‘ங்க’ குறையவில்லை. அந்த ‘ங்க’வை வைத்தே ஆளைப் பதமாக அறுக்கத் தெரிந்தவர்.

“தப்பா நெனைச்சுக்கக் கூடாதுங்க அம்மணி,” என்றார் அன்பாக. “ரெண்டு இதயம் வர்றது உண்மைதானுங்க. வெளிநாட்டுல செஞ்சவங்க இருக்காங்க, பாடத்துலயே இருக்குதுங்க. ஆனா இந்தம்மா செஞ்சாங்களாங்கறதுதான் கேள்வி. நாட்டுக்கோழி முட்டை, வெளக்குல உருக்கி இழுத்த கண்ணாடி ஊசி, அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப்பு. எதையாவது படிச்சுப்போட்டு எழுதியிருந்தாங்கன்னா? முன்னாடியே ஒருத்தர் பாத்துட்டு இல்லைன்னு எழுதியிருக்காருங்களே.”

“செஞ்சு காட்டுனா ஒத்துக்குவீங்களா சார்?” வாய் முந்திக்கொண்டது அன்புக்கரசிக்கு.

“அதே முட்டை, அதே ஊசி, அதே முறையில காட்டுங்க. ஒத்துக்கறேன். இல்லாட்டி அந்த அத்தியாயத்தை எடுத்துப்போடுங்க.”

எடுத்துப்போட்டால் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான். உதவித்தொகை ஜூனோடு முடிகிறது. பிஎச்.டி. பட்டமும் போகும், சென்னியம்மாளின் பெயருக்குப் பக்கத்தில் ‘கற்பனை’ என்ற வார்த்தை நிரந்தரமாகவும் உட்கார்ந்துவிடும்.

நாட்டுக்கோழி முட்டைக்கு அன்புக்கரசி எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. கிணத்துக்கடவு பக்கத்தில் அவள் வீட்டிலேயே அம்மா ராசம்மாள் கோழி வளர்த்தாள். அப்பா மயில்சாமி இளநீர் டெம்போ ஓட்டுகிறவர். திங்கட்கிழமை காலையில் கோயம்புத்தூருக்கு லோடு வரும்போது உமி பரப்பிய கூடையில் முட்டையைக் கொண்டுவந்து கல்லூரி வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். முட்டைகள் பளிச்சென்று இருக்கும். அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள் என்று அன்புக்கரசிக்குப் பெருமையாக இருக்கும். பளிச்சென்று வந்த முட்டைகள்தான் இப்படி நாறின.

கீறியது மட்டும் கெட்டிருந்தால் கையைக் குறை சொல்லலாம். கத்தியே படாமல் சும்மா வைத்திருந்த முட்டைகளும் கெட்டன. இன்குபேட்டர் சரியில்லை என்று அதை மாற்றிப் பார்த்தாள். ஊசியைக் கொதிக்க வைத்தாள், கையை ஸ்பிரிட்டில் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது. தலைகீழாக நின்றுதான் பார்க்கவில்லை.

மூன்றாவது கூடைக்குப் பிறகு அவளுடைய கைடு பேராசிரியர் பாலகோபால் அறைக்குக் கூப்பிட்டார். பாலகோபால் நல்ல மனிதர். யாரோடும் சண்டை போடாமலேயே ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம்.

“சசிதர் அடுத்த வாரம் வராரும்மா. வந்து, பாத்து, இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே அந்த அத்தியாயத்தை எடுத்துட்டா கவுரவமா இருக்கும். மண்புழுவுல ஏதாச்சும் பண்ணிக்கலாம், யாஸ்மின் உதவி பண்ணுவா.”

“யோசிச்சுச் சொல்றேனுங்க சார்.”

“யோசி. ஊட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வா. மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்குது.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒத்தக்கால் மண்டபம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதும்விட்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் எதுவும் கேட்காமல் இரண்டு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து மடியில் வைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போனாள்.

ராசம்மாள் குழாயடியில் குந்தியிருந்தாள். எதிரில் வாளி நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் முட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து, தேங்காய் நாரில் சாம்பல் தொட்டு, குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி பதமாகத் தேய்த்து, அலசி, முந்தானையில் துடைத்து, உமிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டில் ஒரு புள்ளி இருந்தால்கூட நகத்தால் சுரண்டினாள்.

அன்புக்கரசி ஓடிப்போய் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஏம்மா! என்னம்மா பண்ணறே?”

“அட, வா கண்ணு! ஒரு போன் பண்ணியிருந்தா கொழம்பு வச்சிருப்பேனல்லோ. நாளைக்கு அப்பன்கிட்டக் குடுத்துடற முட்டைதான், கழுவி வெச்சுட்டா வேல முடிஞ்சுது.”

“ஒவ்வொரு வாரமும் கழுவியா குடுத்து உட்டே?”

“பின்ன? எச்சமும் தவிடும் ஒட்டிக்கிட்டு அப்படியேவா காலேசுக்கு அனுப்புவாங்க?”

முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. ஓட்டில் இருக்கிற சின்னஞ்சிறு துளைகளை அது மூடி, கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. நாரால் தேய்த்தால் பூச்சு போய்விடும், குளிர்ந்த தண்ணீரில் ஊறினால் வெளியே இருக்கிற அழுக்கை முட்டை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சாப்பிடுகிற முட்டைக்குப் பாதகமில்லை, உடனே வேகவைத்துவிடுவோம். கதகதப்பில் வைத்துக் கரு வளர்க்கிற முட்டைக்கு அது சாவு. போன வருடம் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியதே அன்புக்கரசிதான். பத்து மதிப்பெண் கேள்வி.

“நான் சொன்னனாம்மா கழுவச் சொல்லி? சொன்னனா? மூணு கூடையும் நாறிப்போச்சு. என்ற படிப்பே போகப் போகுது!”

கத்திவிட்டாள். கத்தியபிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ராசம்மாள் கையில் இருந்த முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாது சாமி,” என்றாள் மெல்ல. “தோட்டத்து ஊட்டுக்கு முட்டை கொண்டுபோவேன், உன்ற வயசுல. கையில வாங்க மாட்டாங்க. கீழ வெய்யும்பாங்க. வெச்சா, அதும்மேல தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் எடுப்பாங்க. நாம தொட்டதல்லோ. அவங்க எதுக்குத் தெளிக்கோணும், நாமளே கழுவிக் கொண்டுபோயிருவோம்னு கழுவுனேன். அப்பவும் தெளிச்சாங்க. கை மட்டும் பழகிப்போச்சு. இப்ப காலேசுக்குப் போகுதுன்னா, பெரிய பெரியவங்க பாக்கறது. அன்புக்கரசி ஊட்டு முட்டை அழுக்குன்னு ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லிப்போட்டா உனக்கு எப்படி இருக்கும்?”

அன்புக்கரசிக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அது அம்மாவை விட்டு இறங்கி வேறு எங்கோ போய் நின்றது. தண்ணீர் தெளித்த அந்தக் கையை அவள் பார்த்ததே இல்லை. அது இத்தனை வருடம் கழித்து இன்குபேட்டருக்குள் வந்து தன் முட்டைகளைக் கொன்றிருக்கிறது என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. குந்தி உட்கார்ந்து அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு வரி ஞாபகம் வந்தது. எத்தனையோ தடவை படித்து, சிரித்துக்கொண்டே கடந்து போயிருந்த வரி.

திங்கட்கிழமை காலை ஆவண அறை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். நூலகர் எடுத்துக் கொடுத்த கட்டைப் பிரித்து, பெரிய பேராசிரியர் வந்த நாளுக்குச் சில நாள் முன்னால் புரட்டினாள். ஓரத்தில் சென்னியம்மாளின் சின்ன எழுத்து: ‘தோட்டத்திலிருந்து வந்த முட்டைகள் இன்று முத்து முத்தாக இருக்கின்றன. பெரியவர் வருவது ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது போல. நல்ல சகுனம்.’ அதற்கு முந்தைய மாதங்களைப் புரட்டினாள். எங்கும் புலம்பல். ‘மறுபடியும் எச்சத்தோடு அனுப்பியிருக்கிறார்கள்.’ ‘வைக்கோலைக் கூட எடுக்கவில்லை.’ புலம்பிய நாளெல்லாம் கரு பிழைத்திருந்தது. படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. முத்து மாதிரி வந்த அந்தக் கூடை மட்டும் மொத்தமாக நாறியிருந்தது.

யாரோ கழுவியிருக்கிறார்கள். பெரிய மனிதர் கண்ணில் அழுக்கு படக் கூடாது என்று, அவிநாசியில் ஏதோ ஒரு தோட்டத்தில், பெயர் தெரியாத ஒருத்தி குந்தி உட்கார்ந்து நாரால் தேய்த்திருக்கிறாள். அந்த மரியாதைதான் சென்னியம்மாளைப் பொய்யாக்கியது. அவருக்குக் கடைசிவரை அது தெரியாமலே போயிற்று.

பிறகு எழுந்து போய் சசிதருக்கு போன் போட்டாள். நாலாவது கூடையை அவர் எதிரிலேயே செய்வதாகச் சொன்னாள். பாலகோபால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நல்லதுங்க,” என்றார் சசிதர். “ஆனா நான் முட்டையில இருந்தே பாக்கோணுமுங்க. என்ற கண்ணு முன்னால வந்து, நான் குறி போட்ட முட்டையாத்தான் இருக்கோணும்.”

அம்மாவிடம் சொன்னபோது ராசம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “அழுக்கு முட்டைய அப்பன் கையில குடுத்து உட மாட்டேன். நானே கொண்டு வாரேன். சொல்லு வந்தா எனக்கே வரட்டும்.”

வந்தாள். பொங்கல் நோம்பிக்கு எடுத்த புடவை கட்டி, கூடையை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்து, கல்லூரி மாடிப்படி ஏறி, ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். உள்ளே சசிதர், பாலகோபால், குழுவில் இன்னும் இரண்டு பேர், கதவோரம் யாஸ்மின். ராசம்மாள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். கூடையை அங்கே வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. அன்புக்கரசி குனிந்து கூடையை எடுத்து மேசைக்கு நடுவில் வைத்தாள்.

முட்டைகளின் கோலத்தைப் பார்க்க வேண்டுமே. எச்சம் காய்ந்து கோடு கோடாக, ஒன்றில் இறகு, ஒன்றில் தவிடு. சசிதர் மூக்கைச் சுருக்கினார்.

“ஏனுங்கம்மா, கொஞ்சம் தொடச்சுக் கொண்டாந்திருக்கலாமுல்லங்க?”

ராசம்மாளின் கை தானாக முந்தானைக்குப் போனது. கை முந்தானையைப் பிடித்தது, கசக்கியது, விட்டுவிட்டது.

“இல்லீங்க. இப்படியேதான் இருக்கோணுமுங்களாம்.”

சசிதர் ஒவ்வொரு முட்டையிலும், அழுக்கு இல்லாத இடமாகத் தேடி, பென்சிலால் தன் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டார். இன்குபேட்டரைப் பூட்டிச் சாவியையும் தன் பையில் போட்டுக்கொண்டார். அவநம்பிக்கையையும் அத்தனை மரியாதையாகச் செய்தார்.

மறுநாள் கீறினாள். சென்னியம்மாள் எழுதியபடியே ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிக் குச்சியை உருக்கி இழுத்து, முடியைவிட மெல்லிசாக ஊசி செய்தாள். வெட்டுகிற இடத்தில் மட்டும் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு, ஓட்டில் சன்னல் திறந்தாள். மைக்ரோஸ்கோப்பில் மஞ்சள் கருவின் மேல் கண்ணாடித் தாள் போலக் கரு படுத்திருந்தது. சசிதர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார், அவர் மூச்சு காதில் பட்டது. ஊசி இறங்கியது, ஒரே கீறல், எடுத்தாள். சன்னலை டேப் போட்டு மூடினாள். அடுத்த முட்டை. அடுத்தது. சசிதர் இன்குபேட்டரை மறுபடி பூட்டியபிறகு வெளியே வந்து, யாஸ்மின் நீட்டிய டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் சசிதர் சாவியோடு வந்தார். ராசம்மாளும் வந்திருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. “சொல்லு வந்தா எனக்கு வரட்டும்னு சொன்னேனல்லோ,” என்றாள்.

இன்குபேட்டர் கதவு திறந்தது. யாஸ்மின்தான் முதலில் மோந்து பார்த்தாள்.

“நாறலை!”

பாலகோபால் அவளை முறைத்தார். ஆனால் அவரும் மோந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் முட்டையை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள் அன்புக்கரசி. அது சுவரில் இருந்த டிவியில் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளைக்கரு தெளிவாக இருந்தது, கரு உயிரோடு இருந்தது, சிவப்பாக ஒரு இதயம் துடித்தது. ஒன்றே ஒன்று. கீறல் பட வேண்டிய இடத்தில் படவில்லை. சசிதர் எதையோ எழுதிக்கொண்டார். இரண்டாவது முட்டையில் கரு இறந்திருந்தது. மூன்றாவதிலும் ஒற்றை இதயம். அன்புக்கரசிக்கு நீலப் பென்சில் தன் தலைக்கு மேல் வந்து நிற்பது போலிருந்தது.

நாலாவது முட்டையின் டேப்பைப் பிரித்து, வைத்து, ஃபோகஸைத் திருகினாள். டிவியில் முதலில் கலங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். கலங்கல் பிரிந்தது.

இடப்பக்கம் ஒன்று துடித்தது. வலப்பக்கம் ஒன்று துடித்தது. நடுவில் வெறும் இடைவெளி.

இரண்டு சிவப்புத் துளிகள், ஒன்றை ஒன்று பார்க்காமல், தன் பாட்டுக்குத் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. யாஸ்மின் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், கீழ் மாடியில் வகுப்பு நின்றுபோயிற்று. அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள், அழுதாள். சென்னியம்மா, பாருங்க, பாருங்க என்று உள்ளுக்குள் கூவினாள்.

சசிதர் டிவியை நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மைக்ரோஸ்கோப்பிலேயே கண்ணை வைத்தார். முட்டையைத் திருப்பித் தன் பென்சில் குறியைப் பார்த்தார். மறுபடி கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இடது முந்துதுங்களே,” என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். “வலது பின்னாலயே வருது. ஏன்னுதான் தெரியல.”

சொல்லிவிட்டுத் தன் வார்த்தை தனக்கே கேட்டது போல நிமிர்ந்தார். அதற்குள் பாலகோபால், சண்டையே போடாத அந்தப் பாலகோபால், குறிப்பின் நகலை எடுத்து அவர் முன் விரித்துப் படத்தின் ஓரத்தில் விரலை வைத்துவிட்டார். சசிதர் படித்தார். படத்தையும் முட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இதைப் பாக்காம எழுதியிருக்க முடியாதுங்க,” என்றார்.

ராசம்மாள் டிவிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தினியூண்டு உசுருக்கு ரெண்டு நெஞ்சா கண்ணு? இது பொழைக்குமா?”

“பொழைக்காதும்மா. ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. சென்னியம்மா செஞ்சதும் அப்படித்தான்.”

“பாவம்,” என்றாள் ராசம்மாள். கொஞ்சம் கழித்து, “ஆனா அந்தம்மா பொய் சொல்லலைன்னு சொல்லிப்போட்டுத்தான் போகுது,” என்றாள்.

பிறகு எல்லோரும் ஆவண அறைக்குப் போனார்கள். சசிதர் மூலக் குறிப்பைப் பார்க்க வேண்டும் என்றார். நீலப் பென்சில் பக்கம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அதுல எழுதக் கூடாதுங்க சார்,” என்று அன்புக்கரசி குறுக்கே கை வைத்தாள். “அந்த எழுத்தும் அப்படியே இருக்கட்டுங்க. வேற தாள்ல எழுதுங்க, கூடவே வெச்சுக் கட்டிடலாம்.”

சசிதர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நூலகர் கொடுத்த வெள்ளைத் தாளை வாங்கி, தேதி போட்டு, தமிழிலேயே எழுதினார்: ‘இன்று என் கண்ணால் கண்டேன். சென்னியம்மாள் எழுதியது உண்மை.’ கீழே முழுக் கையெழுத்து. அன்புக்கரசி அதை நீலப் பென்சில் பக்கத்துக்கு எதிரில் வைத்தாள். இனி அந்தக் கட்டைத் திறக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க அம்மணி,” என்றார் சசிதர். “மொத மூணு கூடையும் ஏன் கெட்டுச்சு?”

அன்புக்கரசி அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்ற கேள்வி கண்ணில் இருந்தது. ராசம்மாள் தலையசைத்தாள். அன்புக்கரசி சொன்னாள். முத்து மாதிரி முட்டையைச் சொன்னாள், குழாயடியைச் சொன்னாள், தோட்டத்து வீட்டில் தெளித்த தண்ணீரையும் விடாமல் சொன்னாள். எதையும் தணித்துச் சொல்லவில்லை. பாலகோபால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படியிறங்கும்போது அவர் ராசம்மாள் பக்கத்தில் வந்தார். கூடையில், இன்குபேட்டரில் வைக்காத முட்டைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ஒன்றை அவராகவே எடுத்தார். எச்சம் விரலில் ஒட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“பெங்களூர்ல என்ற லேபுக்கு இந்த முட்டை வேணுமுங்கம்மா. மாசா மாசம். அனுப்புவீங்களா?”

ராசம்மாள் கூடையை இடுப்புக்கு மாற்றினாள். அவள் நின்ற இடத்திலிருந்து பின்னால் போகவில்லை.

“தாரனுங்க. எத்தனை வேணும்னாலும் தாரனுங்க,” என்றாள். “ஆனா கழுவித் தர மாட்டனுங்க.”